பியானோ பெடலில் இரும்பு உடைந்தால்: மலையில் இருப்பவர்களுக்கான பழுதுபார்ப்பு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் இன்னும் பியானோக்கள் நிற்கின்றன. அவற்றின் பெடல் அமைப்பில் ஓர் உலோகத் துண்டு முறிந்துவிட்டால், ட்யூனர் பார்த்துவிட்டு “இது பட்டறை வேலை” என்பார். பட்டறைக்காரரோ “இது என்ன சாமான் சார்?” என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேலையை நடத்த வேண்டியவர் நீங்கள்தான். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வெல்டிங் கடைக்கு ஓடாதீர்கள். கேட்டும் கிரில்லும் செய்கிற கடையில் இருக்கும் வெல்டிங் ராடு, பெரும்பாலான பியானோ பெடல்களுக்கு ஆகாது. அங்கே ஒருமுறை பற்றவைத்துவிட்டால், அதன் பிறகு அதைச் சுரண்டி எடுத்துச் சரியாகச் செய்வது முதல் வேலையைவிடப் பெரிய வேலை.

1. முதலில் பியானோவை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

வலது பெடல் உடைந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். மிதித்தால் எதுவும் அசையாமல் போகலாம். அப்படியானால் அவசரம் இல்லை, பெடல் இல்லாமலே வாசிக்கலாம். அல்லது உடைந்த துண்டு எங்காவது சிக்கி, தந்திகளை அமுக்கி நிறுத்தும் டாம்பர்கள் தூக்கியபடியே நின்றுவிடும். அப்போது எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒலி நிற்காமல் ஒன்றோடொன்று கலந்து இரையும். ஞாயிறு ஆராதனைக்கு அந்தப் பியானோ வேண்டும் என்றால், பழுதுபார்ப்பது பிறகு. சிக்கலை எடுத்துவிட்டால் போதும்.

கீழ்ப் பலகையைத் திறந்தால் (எப்படி என்பது அடுத்த பகுதியில்) விரல் பருமனில் ஒரு மரக்குச்சி செங்குத்தாக மேலே போவது தெரியும். பெரும்பாலும் இடது ஓரத்தில் இருக்கும். இரண்டு குச்சிகள் இருந்தால், எந்தக் குச்சி எந்தப் பெடலுக்கு என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குச்சியின் இரு முனையிலும் சிறு ஊசி இருக்கும். சற்றுத் தூக்கி, கீழ்முனையை விலக்கினால் குச்சி கையோடு வந்துவிடும். டாம்பர்கள் தம் ஸ்பிரிங்காலேயே தந்தியில் போய் அமர்ந்துவிடும். குச்சியைப் பியானோவுக்குள்ளேயே படுக்க வைத்துவிடுங்கள். வெளியே எடுத்து வைத்த குச்சி காணாமல் போவது சகஜம்.

நடுப் பெடல் உடைந்திருந்தால், அது பெரும்பாலும் ஓசையைக் குறைக்கும் கம்பளிப் பட்டையை இறக்குவதற்கானது. அதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

2. திறப்பது

அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோவின் கீழ்ப் பலகையை, அதாவது முழங்கால் பலகையை, ஸ்க்ரூ பிடித்திருப்பது அரிது. கட்டைகளுக்கு அடியில், பலகையின் மேல் விளிம்பையொட்டி, வளைந்த எஃகுப் பட்டை ஒன்று இருக்கும். அதை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே பலகையை உங்கள் பக்கம் சாய்த்தால் வந்துவிடும். உள்ளே எலிப் புழுக்கையும் பழைய தூசியும் கட்டாயம் இருக்கும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் எடுங்கள், ஊதாதீர்கள், பெருக்காதீர்கள்.

பியானோவைச் சாய்க்கவோ திருப்பவோ கூடாது. அப்ரைட் பியானோ 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் வார்ப்பிரும்புச் சட்டம் பின்பக்கம் இருப்பதால் எடை முழுவதும் பின்னால்தான். பின்னோக்கிச் சாய ஆரம்பித்தால் இரண்டு ஆளால் பிடிக்க முடியாது. இந்த வேலைக்கு அதை நகர்த்த வேண்டிய தேவையே கிடையாது. முன்னால் தரையில் உட்கார்ந்தால் எல்லாம் எட்டும்.

கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். நேராக ஒன்று, இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று, உடைந்த இடத்துக்கு அருகில் ஒன்று. அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படத்துக்குத்தான் பட்டறையில் மதிப்பு.

லீவரைத் தள்ளிக்கொண்டிருக்கும் பட்டை ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கும். அதன் ஸ்க்ரூவை எடுக்கும்போது ஒரு கை ஸ்பிரிங் மேல் இருக்கட்டும், முகம் அதற்கு நேரே இருக்க வேண்டாம். பழைய ஸ்க்ரூக்களின் தலையில் ஒற்றைக் கீறல்தான் இருக்கும். கீறலின் முழு அகலத்துக்கும் பொருந்தும் திருப்புளி வேண்டும். மலையீரத்தில் துரு பிடித்த ஸ்க்ரூ அசையவில்லை என்றால், சால்டரிங் அயர்னின் நுனியை அதன் தலையில் இரண்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பியானோவுக்குள் அடிக்காதீர்கள். அது கம்பளியிலும் மரத்திலும் ஊறிப் பரவும்.

3. எது உடைந்தது, ஏன் உடைந்தது

பாதத்திலிருந்து மேலே போகும் வழி இது: பெடல், அது ஆடும் பிவட் பின், பின் நுழையும் காதுகளோடு அதைத் தாங்கும் பிராக்கெட், பெடலின் பின்முனையிலிருந்து ஓர் இணைப்புக் கம்பி, அதன் மேல் முறுக்கும் நட்டு, நீள லீவர், பிறகு செங்குத்துக் குச்சி. உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: பெடலின் கழுத்து, பிராக்கெட்டின் காது, இணைப்புக் கம்பியின் மரை தொடங்கும் இடம்.

இந்தச் சின்னத் துண்டு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெடலின் முன்முனை பிவட்டிலிருந்து 150 மி.மீ., பின்முனை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதம் 10 கிலோ அழுத்தினால் பின்முனையில் 30 கிலோ, பிவட்டில் 40 கிலோ. பசை போட்டு ஒட்டிய பெடல் ஏன் ஒரு வாரம்கூட நிற்பதில்லை என்பதற்கு இதுவே பதில். எம்-சீலும் எபாக்ஸியும் இந்த வேலைக்கு அல்ல.

முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முழுதும் பளிச்சென்று ஒரே நிறமாக இருந்தால் ஒரே அடியில் முறிந்தது. ஒரு பகுதி கறுத்துத் துருவேறியும் மீதி புதிதாகவும் இருந்தால், விரிசல் வெகுகாலமாக இருந்திருக்கிறது. அதாவது, ஏதோ ஒரு காரணம் அதைத் தொடர்ந்து வருத்தியிருக்கிறது. அதைத் தேடாமல் துண்டை மட்டும் சரிசெய்தால் அதே இடத்தில் திரும்ப முறியும். வழக்கமான காரணங்கள் இவை:

பெடல் கீழே இறங்கி நிற்கும் இடத்தில் இருக்க வேண்டிய தடித்த ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித் துணி) பூச்சி அரித்துப் போயிருக்கும். அப்போது பெடலின் ஓட்டத்தைத் தடுப்பது அந்த ஃபெல்ட் அல்ல, மேலே உள்ள இயந்திர அமைப்பு. மிதிக்கும் பலம் முழுவதும் உலோகத்தின் மேல் விழும். அடுத்து, பிவட் பின்னைச் சுற்றியுள்ள ஃபெல்ட் வளையமான புஷ் ஈரத்தில் உப்பி, பிவட் பின்னும் துருவேறி, பெடல் இறுகியிருக்கும். வாசிப்பவர் இறுக்கத்தை மீறி மிதித்திருப்பார். ஜூன் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊர்களில் இதுதான் அதிகம். மூன்றாவது, யாரோ நட்டை அளவுக்கு மேல் முறுக்கி, பெடலில் துளியும் தளர்வு இல்லாமல் செய்திருப்பார்கள்.

முறிந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சிறு மணிகள் உதிரும். பிறகு சரியான கோணம் கிடைக்காது. துண்டுகளைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

4. அளவு எடுத்தல்

ஒரு ப்ளைவுட் துண்டில் வெள்ளைத்தாளை ஒட்டி, துண்டுகளை அதன் இடத்தில் வைத்துக் கூரான பென்சிலால் சுற்றி வரையுங்கள். மூன்று பெடல் உள்ள பியானோ என்றால் வேலை எளிது. உடையாத பெடலைக் கழற்றி வரைந்துகொள்ளலாம். ஆனால் நடுப் பெடலின் பின்பகுதி மற்ற இரண்டிலிருந்து மாறுபடும், வலதும் இடதும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வளைந்திருப்பதும் உண்டு. அதனால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் இவற்றைக் குறியுங்கள்: பிவட் துளையின் மையத்திலிருந்து பின்துளையின் மையம் வரை, பிவட் மையத்திலிருந்து முன்முனை வரை, ஒவ்வொரு துளையின் விட்டம், கழுத்தின் அகலமும் தடிமனும், பிவட் பின்னின் விட்டமும் நீளமும். இவற்றில் தவறவே கூடாதது முதல் அளவு. முன்முனை 2 மி.மீ. கூடினால் யாருக்கும் தெரியாது. துளைக்குத் துளை 2 மி.மீ. மாறினால் இணைப்புக் கம்பி சாய்ந்து, லீவரில் உரசும்.

ஸ்பிரிங் உடைந்திருந்தால், சுருள் வகைக்குக் கம்பியின் தடிமன், வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, அழுத்தாத நிலையில் நீளம். பட்டை வகைக்கு நீளம், அகலம், தடிமன், வளைவு, துளையின் இடம்.

5. என்ன உலோகம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மஞ்சளாகப் பளபளப்பதெல்லாம் பித்தளை அல்ல. பித்தளை அல்லது நிக்கல் முலாம் பூசிய வார்ப்பிரும்புப் பெடல்கள் ஏராளம். காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

இரும்பு என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, வார்ப்பிரும்பா எம்.எஸ்ஸா (மைல்டு ஸ்டீல், கேட் செய்யும் சாதாரண இரும்பு) என்பது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக, முறிவதற்கு முன் கொஞ்சமும் வளையாமல் இருந்தால் வார்ப்பிரும்பு. வளைந்து, இழுபட்டு, பிறகு பிய்ந்தது போலிருந்தால் எம்.எஸ். மறைவான இடத்தில் அரத்தால் ராவிப் பாருங்கள்: வார்ப்பிரும்பு கறுப்புத் தூளாக உதிர்ந்து விரலைக் கறையாக்கும், எம்.எஸ். மின்னும் துகளாக வரும். கிரைண்டரில் வைத்தால் வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும், எம்.எஸ். பொறி நீளமாக, மஞ்சள் வெள்ளையாகப் பறக்கும்.

காந்தம் ஒட்டவில்லை, ராவினால் உள்ளேயும் மஞ்சள்: பித்தளை. காந்தம் ஒட்டவில்லை, உள்ளே வெளிர் சாம்பல், அரத்துக்கு மெத்தென்று போகிறது: துத்தநாகக் கலவை வார்ப்பு. இது 400 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். கேஸ் டார்ச்சைக் காட்டினால் சிவக்காமலேயே கண்ணெதிரே குழைந்து விழும். இதை ஒட்டும் முயற்சியே வேண்டாம், புதிதாகச் செய்யுங்கள்.

6. ஒட்டுவதா, புதிதாகச் செய்வதா

முறிவு எங்கே என்பதே முடிவைச் சொல்லும். பிவட் துளையின் வழியாகவே முறிந்திருந்தால் ஒட்ட வேண்டாம். துளை வட்டம் குலைந்திருக்கும், ஒட்டிய பின் ஒரே நேர்கோட்டில் துளைப்பதும் கடினம். பிராக்கெட்டின் காது முறிந்தாலும் அப்படியே. தட்டையான பகுதியிலோ கழுத்திலோ முறிந்திருந்தால் ஒட்டலாம். ஸ்பிரிங்கை எந்த நிலையிலும் பற்றவைக்காதீர்கள். சூடுபட்ட இடத்தில் அதன் பதம் போய்விடும், அடுத்த மிதியில் அருகிலேயே முறியும்.

புதிதாகச் செய்யும் வழி இரண்டு. முதலாவது, எம்.எஸ். தகட்டிலிருந்து வெட்டி, ராவி, துளைப்பது. பிராக்கெட், லீவர், இணைப்புக் கம்பி போன்ற கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு இதுவே சிறந்தது. அசல் வார்ப்பிரும்பின் அதே தடிமனில் எம்.எஸ். போட்டால், வளைப்பைத் தாங்குவதில் அது அசலைவிட உறுதியாகவே இருக்கும். அழகு பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வார்ப்பது. வெளியே தெரியும் பெடல், அதுவும் ஒரு ஜோடியில் ஒன்று, என்றால் இதை யோசிக்கலாம். உடைந்த துண்டுகளையே பசையால் ஒட்டி, மேடு பள்ளத்தை நிரப்பி, அச்சாகக் கொடுக்கலாம். அச்சுக்குப் பசை போதும், அது பாரம் தாங்கப் போவதில்லை. இங்கே ஒரு சிக்கல்: உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1 சதவீதம், பித்தளை ஏறத்தாழ 1.5 சதவீதம். 200 மி.மீ. பெடலைப் பித்தளையில் அப்படியே வார்த்தால் 197 மி.மீ. வரும். ஆகவே துளைகளை அச்சில் அடைத்துவிடச் சொல்லுங்கள். வார்த்த பிறகு உங்கள் ப்ளைவுட் வரைபடத்தை வைத்துத் துளைத்துக்கொள்ளலாம். பம்புசெட் தொழிலால் கோவையில் வார்ப்புப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய இடங்களில் ஒற்றைப் பெடலுக்கு அச்சு போட மாட்டார்கள். சிறிய பித்தளை வார்ப்பு இடமாகத் தேடுங்கள்.

7. பட்டறையில் என்ன சொல்லி, எதைப் பார்க்க வேண்டும்

வார்ப்பிரும்புப் பெடலுக்கு என் தேர்வு கேஸ் பிரேசிங்தான், அதாவது பித்தளை ராடும் வெங்காரமும் வைத்து ஒட்டுவது. ஆர்க் வெல்டிங்கில் நிக்கல் ராடு போட்டும் செய்யலாம். சாதாரண எம்.எஸ். ராடு மட்டும் கூடாது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அது எம்.எஸ். ராடின் உருகலில் கலந்து, ஒட்டின் ஓரத்தைக் கண்ணாடி போல் கடினமாக்கிவிடும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆறும்போதோ, பத்து நாள் மிதித்த பிறகோ, ஒட்டுக்கு அரை செ.மீ. தள்ளிப் புதிதாக விரிசல் விடும். துளை போடவும் ட்ரில் இறங்காது.

பிரேசிங் செய்பவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை:

முறிந்த இடத்தைச் சுற்றி 25 மி.மீ. அளவுக்கு முலாமை முழுதும் சுரண்டி எடுக்க வேண்டும். முலாம் இருந்தால் பித்தளை பிடிக்காது, சூட்டில் வரும் புகையும் கெடுதல். எண்ணெய் ஊறியிருந்தால் லேசாகச் சுட்டு எரித்துவிட்டுக் கம்பி பிரஷ் போட வேண்டும்.

முறிந்த விளிம்புகளை இரு பக்கமும் சாய்வாக ராவி, சேர்த்து வைத்தால் பள்ளம் தெரியும்படி செய்ய வேண்டும். ஆனால் நடுவில் 1 முதல் 2 மி.மீ. வரை அசல் முறிவு முகத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள். துண்டுகள் தம் இடத்தில் சரியாக உட்கார அதுதான் அடையாளம். முழுவதையும் கிரைண்டரில் தள்ளிவிட்டால் நீளம் குறையும், கோணம் போகும்.

ப்ளைவுட் வரைபடத்தைப் பார்த்து, ஒரு தகட்டின் மேல் இரு துண்டுகளையும் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே டார்ச் எரிய வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு ஒட்டிய பெடல் கோணலாகவே வரும்.

துண்டு முழுவதையும் மெல்ல மெல்லச் சூடாக்கி, ஒட்டும் இடம் மங்கிய சிவப்புக்கு வந்ததும் வெங்காரம், பிறகு ராடு. பித்தளை பரவி நனைத்துப் பிடிக்க வேண்டும், உருண்டு நிற்கக் கூடாது. உருண்டு நின்றால் அழுக்கு இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை.

ஆறவிடுவதில்தான் மலையில் தவறு நடக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். பட்டறைக் கதவு திறந்திருந்தால் வரும் குளிர்காற்றே சூடான வார்ப்பிரும்பில் விரிசல் விழவைக்கப் போதும். தண்ணீரில் முக்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம். உலர்ந்த சாம்பல், மணல், சுண்ணாம்புத்தூள் எதிலாவது முழுதும் புதைத்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை சில மணி நேரம் விட வேண்டும். “உடனே கொடுத்துடறேன்” என்று சொல்லும் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

நிக்கல் ராடு போடுகிறார் என்றால், ஒரே இழுப்பில் முடிக்கக் கூடாது. ஒருமுறைக்கு 25 மி.மீ., உடனே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஆறிய பின் அடுத்தது.

கழுத்து முறிவு என்றால் ஒட்டியதோடு விடாமல், அடிப்பக்கம் 3 மி.மீ. எம்.எஸ். பட்டை ஒன்றை வைத்து, முறிவுக்கு இருபுறமும் 5 மி.மீ. போல்ட் போட்டு இறுக்கலாம். துளையின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும். வார்ப்பிரும்பைத் துளைக்க எண்ணெய் வேண்டாம். குறைந்த வேகம், உலர்ந்த துளையிடல்.

பித்தளைப் பாகத்தைப் பித்தளை ராடு வைத்து ஒட்டுவது ஆபத்து. ராடும் துண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் உருகும். குறைந்த சூட்டில் ஓடும் வெள்ளி ராடு வேண்டும். இதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை, ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்கிடம் டார்ச்சும் ராடும் இருக்கும். அவர்களிடம் அதிகம் இருப்பது பாஸ்பரஸ் கலந்த தாமிர ராடு. அது தாமிரத்துக்கும் பித்தளைக்கும் சரி. இரும்பில் போட்டால் ஒட்டு உதிர்ந்துவிடும். எம்.எஸ். பாகம் என்றால் கவலையே இல்லை, கேட் செய்யும் கடையே போதும்.

8. மரையில் ஏமாறாதீர்கள்

பழைய இங்கிலாந்துப் பியானோக்களில் போல்ட்டும் நட்டும் அங்குலக் கணக்கு, விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய மரை. ஜெர்மன் பியானோ என்றால் மெட்ரிக். இன்று ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது மெட்ரிக். இரண்டரை நூல் போல்ட், அதாவது 5/16 அங்குலம், 7.94 மி.மீ. அதன் மேல் எம்8 (மெட்ரிக் 8 மி.மீ.) நட்டு சுலபமாக ஏறும், இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். “துரு, எண்ணெய் விட்டு முறுக்கு” என்று யாராவது சொல்வார்கள். முறுக்கினால் மரை முழுவதும் போய்விடும். எம்8-க்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., 5/16 விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 18 மரை, அதாவது 1.41 மி.மீ. இரண்டு நூல் போல்ட் (1/4 அங்குலம், 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை) எம்6 நட்டுக்குள் நுழையவே நுழையாது. அதனால் அங்கே குழப்பம் இல்லை.

பழைய நட்டு நன்றாக இருந்தால் அதையும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கம்பியும் நட்டும் இரண்டுமே போயிருந்தால் பழைய மரையைத் தேடி அலையாதீர்கள். இரண்டையும் மெட்ரிக்கில் புதிதாகப் போட்டுவிடலாம். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றுதான் கூடாது.

9. காகிதம், செலவு, நாள்

பியானோ பள்ளிக்கோ திருச்சபைக்கோ சொந்தம் என்றால், பாகத்தை வெளியே எடுக்கும் முன் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் பியானோவின் தயாரிப்பாளர் பெயர், மேல் மூடியைத் திறந்தால் தெரியும் வரிசை எண், எடுத்துச் செல்லும் பாகம், உடைந்த நிலையின் படம் ஆகியவை இருக்கட்டும். பிறகு “நல்லா இருந்ததை எடுத்துப் போய்க் கெடுத்துட்டாங்க” என்ற பேச்சு வராது. பட்டறையில் ஒரு ரசீதில் “வார்ப்பிரும்பு, பித்தளை பிரேசிங், ஆறவிட்டுத் தர வேண்டும்” என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி பாதிப் பிரச்சினையைத் தடுக்கும். நிறுவனக் கணக்கில் செலவு காட்ட வேண்டும் என்றால் ஜி.எஸ்.டி. பில் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். சின்னப் பட்டறைகளில் கிடைக்காது.

செலவில் உலோகத்தின் பங்கு மிகச் சிறியது. ஒரு பெடலுக்குப் போகும் பித்தளை ராடு ஒரு துண்டுதான். நிக்கல் ராடின் விலை எம்.எஸ். ராடைப் போலப் பல மடங்கு, ஆனாலும் ஒன்றிரண்டுதான் தேவைப்படும். சில்லறையாக விற்காமல் பாக்கெட்டாக வாங்கச் சொல்வார்கள். அதனால் ஏற்கெனவே ராடு கையிருப்பு வைத்திருக்கும் இடத்தைத் தேடுவது லாபம். கூலி, அச்சு, முலாம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முலாம் பல நேரம் பிரேசிங்கைவிட அதிகமாகிவிடும். உள்ளே மறைந்திருக்கும் பாகத்துக்கு முலாம் வீண்செலவு. ஒரு கோட் மெட்டல் ப்ரைமர் போதும்.

வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்க நினைப்பவர்களுக்கு: பியானோ பாகங்கள் சுங்கத்தில் 9209 என்ற தலைப்பின் கீழ் வரும். கூரியர் நிறுவனம் உங்கள் அடையாள ஆவணங்களைக் கேட்கும். வெறும் “இரும்புப் பாகம்” என்று எழுதி வந்தால் விளக்கம் கேட்டு நிறுத்தி வைப்பார்கள். பெடல் போன்ற பொதுவான பாகத்துக்கு அத்தனை செலவு தேவையா என்பது என் சந்தேகம், அளவு ஒத்துப்போகும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

பட்டறைக்கு எங்கே இறங்குவது? நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு, திண்டுக்கல். நல்ல கேஸ் பிரேசிங், லேத், முலாம் மூன்றும் ஒரே ஊரில் வேண்டும் என்றால் கோவைதான். காலையில் கொடுத்து மாலையில் வாங்கித் திரும்பும் திட்டம் போடாதீர்கள். ஆறுவதற்கு மட்டும் அரைநாள் போகும். முலாமும் சேர்ந்தால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், வார்ப்பு என்றால் அதற்கும் மேலே. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலை ஒட்டிப் பட்டறை ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பெடல் வேண்டும் என்றால் செப்டம்பரிலேயே தொடங்குங்கள். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவது புதிதல்ல.

ட்யூனர் கீழிருந்து சொந்த வண்டியில் வருவதானால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த நடைமுறை வந்தது. பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. பாகத்தைப் பார்சலாக அனுப்பும்போது சாக்கும் செய்தித்தாளும் போதும். பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் செக்போஸ்டில் வாதாட வேண்டாம்.

10. திரும்பப் பொருத்துதல்

பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை. பெடலைப் பிவட் பின்னில் மட்டும் மாட்டி, விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே தடையில்லாமல் விழ வேண்டும். தயங்கினால் புஷ் இறுக்கம். புதிய புஷ்ஷுக்குக் கம்பளி ஃபெல்ட் வேண்டும். கைவினைக் கடையில் விற்கும் செயற்கை ஃபெல்ட் ஒரு மாதத்தில் நசுங்கிவிடும். கிடைக்காவிட்டால் பழைய கம்பளிக் கோட்டுத் துணியே அதைவிட மேல்.

எண்ணெய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மலையில் வருடத்தின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். இறுக்கத்தை நீக்கப் போட்ட எண்ணெயே பெடலைப் பிடித்துக்கொள்ளும். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். மரமும் ஃபெல்ட்டும் உரசும் இடத்தில் பென்சில் கரித்தூள்.

பிராக்கெட்டின் ஸ்க்ரூ மரத்தில் பிடிக்காமல் சுற்றினால், பெரிய ஸ்க்ரூ போடுவதற்கு முன் துளையில் மூங்கில் சிம்பைப் பசை தடவி அடித்து, ஒருநாள் விட்டு, பழைய ஸ்க்ரூவையே போடுங்கள். பெடலின் அடியில் ஃபெல்ட் போயிருந்தால் புதிது ஒட்டுங்கள், 6 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல். இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

குச்சியை அதன் இடத்தில் நிறுத்திய பின் நட்டைச் சரிசெய்யுங்கள். வலது பெடல் மிதித்த முதல் 3 முதல் 5 மி.மீ. வரை எதுவும் அசையக் கூடாது. அதன் பிறகு டாம்பர்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் குளிர்காலத்தில் சரியாக இருந்தது மழைக்காலத்தில் மரம் உப்பி, டாம்பர் தந்தியில் முழுதாக உட்காராமல் ஒலி கசியும். தளர்வு அதிகமானால் ஆழமாக மிதிக்க வேண்டிவரும். இடது பெடலுக்கு மாறாக, தளர்வு இல்லை என்று சொல்லும் அளவுக்கு வையுங்கள். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டை இறுக்கிப் பூட்டுங்கள்.

வலது பெடலை மிதித்துக்கொண்டு பத்துக் கட்டைகளைத் தட்டி, பெடலை மட்டும் விடுங்கள். எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். ஓரிரு தந்தி மட்டும் இரைந்தால் அது பெடல் பிரச்சினை அல்ல, அந்த டாம்பருக்கு ட்யூனரைக் கூப்பிடுங்கள்.

கிராண்ட் பியானோ வைத்திருப்பவர்களுக்கு: பெடல்கள் கீழே தொங்கும் லைர் என்ற சட்டத்தில் இருக்கும். அதை மட்டும் முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம்; கழற்றும்போது ஒருவர் கீழிருந்து தாங்க வேண்டும். லைரிலிருந்து பின்னோக்கிப் போகும் சாய்வுக் கம்பிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தொலைந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் லைர் பின்னால் நகரும். பெடல் கம்பி உடைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் அந்தக் கம்பிகளைச் செய்யக் கொடுங்கள்.

புது ஃபெல்ட் அமுங்குவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதன் பிறகு முழங்கால் பலகையைத் திறந்து, தளர்வை மறுபடி 3 முதல் 5 மி.மீட்டருக்குக் கொண்டுவந்து, ஒட்டிய இடத்தில் டார்ச் லைட் அடித்து முடி போன்ற விரிசல் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.